தீனபந்து ஆண்ட்ரூஸ்



ஒழுக்கம் என்றதும் நாம் பெரும்பாலும் பிறர் குறைகளையே எண்ணுகிறோம். கிறிஸ்துவ ஊழியரான சார்லஸ் பிரியர் ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயர் அதை வேறு விதமாகப் பார்த்தார்.

பாரதியார் மனம் வெதும்பிப் பாடிய பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்து தமிழரும் கப்பலேறினர். கரும்புத் தோட்ட லயங்களில் 10 அடி நீளம், 7 அடி அகல அறையில் மணமாகாத ஆடவர் மூவர் தங்கினர். 100 ஆண்களுக்கு 40 பெண்களை அனுப்பினால் போதும் என்பதே விதி. சண்டையும் கொலையும் தற்கொலையும் மலிந்தன. தொழிலாளரின் குணமே அப்படி என்று பலர் பழி சுமத்தினர்.

1915இல் ஆண்ட்ரூஸ், நண்பர் பியர்சனுடன் அங்கு சென்று அந்த லயங்களை நேரில் கண்டார். துன்புறும் தொழிலாளியின் முகத்தில் கிறிஸ்துவையே கண்டவர் அவர். குடும்பமாக வாழ வழியில்லாமல் செய்துவிட்டு ஒழுக்கத்தை எதிர்பார்க்கலாமா? குற்றம் ஒப்பந்த முறையில்தான் என்று 1916இல் அறிக்கை வெளியிட்டார். கோகலே, காந்தியடிகள், மாளவியா போன்றோரும் அம்முறையை எதிர்த்தனர். 1920 ஜனவரி 1ஆம் நாள் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன. மக்கள் ஆண்ட்ரூஸைத் தீனபந்து, அதாவது ஏழைகளின் உறவினர், என்றழைத்தனர்.

நேயர்களே, மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் முடிந்தது. ஆயினும் நம் முன்னோர் வாழ்ந்ததும் லயத்தில்தான். ஆகவே, தவறிய ஒருவரைக் கண்டால் திருத்த முயல்வோம். அவர் எந்த நிலையில் வாழ்கிறார் என்றும் கேட்போம். கோயிலுக்குச் செல்வோருக்கும் தேவாலயத்துக்குச் செல்வோருக்கும் இது பொதுவான கடமை.