இடிபடவிருந்த இல்லம்

பழங்கட்டடத்தைச் செப்பனிட்டுக் காப்பது எதற்காக? இவ்வினாவிற்கு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், நெல்சன் வீதி 62ஆம் இலக்க இல்லத்தின் வரலாறு விடை பகர்கின்றது.

1898ஆம் ஆண்டு, வழக்கறிஞரான கணவரை இழந்து கடன் சுமையோடு நின்ற எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையார், தம் மக்களுடன் இவ்வில்லத்தில் குடிபுகுந்தார். பிறப்பு இறப்புப் பதிவாளராகப் பணியாற்றிக் குடும்பத்தைப் பேணினார். 1903 அக்டோபர் 10 அன்று இதன் வரவேற்பறையில் கூடிய பெண்கள், வாக்குரிமை கோரும் சங்கமொன்றைத் தோற்றுவித்தனர். 1918இல் முப்பது வயது நிரம்பிய பெண்களில் ஒரு பகுதியினர்க்கும், 1928இல் ஆண்களுக்கு நிகராகப் பெண்கள் அனைவர்க்கும் அவ்வுரிமை கிட்டியது.

பிற்காலத்தில் அண்டையிலிருந்த மருத்துவமனை நிர்வாகத்தின் வசமிருந்த இவ்வில்லம் சிதிலமுற்றது. 1979இல் இதனை இடிக்க அனுமதி கோரப்பட்டபோது, பெண்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். அவர்தம் முயற்சியால் 60ஆம் இலக்க இல்லத்துடன் சேர்த்துச் செப்பனிடப்பட்டு, 1987 அக்டோபரில் மகளிர் மையமாகத் திறக்கப்பட்டது. இல்லக் கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் துணைநிற்கும் அமைப்பும் 2014இல் அதன் நிர்வாகத்துடன் இணைந்தது.

கடன் சுமையோடு ஒரு கைம்பெண் குடிபுகுந்த இல்லம், துயருற்ற பெண்கள் உதவி நாடும் இடமாயிற்று. பழங்கட்டடத்தைச் செப்பனிட முனைவோர், அதனால் எவர் பயன்பெறுவர் என்பதை முதற்கண் எண்ணிப் பார்ப்பாராக!