ஒருத்தருக்கு மட்டும் குடியுரிமை: ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு கோர்ட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

வருஷம் 1958. ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவில் இருக்கும் பாலைவன ஊர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் 56 வயது ஓவியர். நாடு முழுக்கத் தெரிந்த முகம். நாலு வருஷம் முன்னாடி எலிசபெத் ராணியையே நேரில் சந்தித்தவர். அவர் வரைந்த படங்களின் பிரிண்டை ஃப்ரேம் போட்டு எத்தனையோ ஆஸ்திரேலிய வீடுகளில் மாட்டி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர் மேல் என்ன கேஸ்? தன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு ஓவியருக்கு மது கொடுத்தார். அவ்வளவுதான். தீர்ப்பு, ஆறு மாதக் கடுங்காவல்.

அவர் பெயர் ஆல்பர்ட் நமட்ஜிரா. ஒரு பாட்டிலைப் பகிர்ந்தது எப்படிக் குற்றம் ஆச்சு? அது புரியணும்னா கதையை முதலில் இருந்து சொல்லணும்.

1902 ஜூலையில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே சுமார் 125 கிலோமீட்டர் தள்ளி ஹெர்மன்ஸ்பர்க் என்ற இடத்தில் அவர் பிறந்தார். அங்கே லூத்தரன் பாதிரியார்கள் நடத்திய ஒரு மிஷன் இருந்தது. அப்பா அம்மா வைத்த பெயர் எலியா. ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர் ஆல்பர்ட். அவர்கள் மேற்கு அரண்டா பழங்குடியினர். மிஷன் பள்ளியில் பைபிள் படித்த அதே பையனை, 13 வயதில் பெரியவர்கள் காட்டுக்குள் கூட்டிப்போய் ஆறு மாதம் வைத்திருந்து, இனத்தின் சடங்குகளையும் சட்டங்களையும் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ரெண்டு படிப்பும் கடைசி வரை அவரோடு இருந்தது.

18 வயதில் ரூபினா என்ற பெண்ணைக் காதலித்து, அவளோடு மிஷனை விட்டே போய்விட்டார். யார் யாரைக் கல்யாணம் பண்ணலாம் என்று அரண்டா மக்களுக்குக் கறாரான உறவுமுறை விதிகள் உண்டு. இந்தக் கல்யாணம் அதை மீறியது. சில வருஷம் ஒட்டகம் ஓட்டிப் பிழைத்தார். இப்படித்தான் அந்த மலைகளும் வறண்ட ஆறுகளும் அவருக்கு அத்துப்படி ஆனது. பிறகு மிஷனுக்கே திரும்பினார். தச்சு வேலை, கருமான் வேலை, ஆட்டு ரோமம் கத்தரிப்பது என்று கிடைத்ததை எல்லாம் செய்தார். சூடு போட்ட கம்பியால் மரப்பலகையிலும் பூமராங்கிலும் கோலம் இழைத்து விற்றார்.

1934இல் ரெக்ஸ் பாட்டர்பி, ஜான் கார்ட்னர் என்ற ரெண்டு வெள்ளைக்கார ஓவியர்கள் மிஷனுக்கு வந்து, தங்கள் வாட்டர்கலர் படங்களை அங்கிருந்தவர்களுக்குக் காட்டினார்கள். பாட்டர்பி முதல் உலகப் போரில் படுகாயம் அடைந்து திரும்பியவர். ஆல்பர்ட் அந்தப் படங்களைப் பார்த்தார். எல்லாம் தனக்குத் தெரிந்த மலைகள்! நானும் இதைச் செய்யணும் என்று முடிவு பண்ணிவிட்டார். 1936இல் பாட்டர்பி மறுபடி வந்தபோது ஒரு டீல். நான் உங்களுக்கு ஒட்டகம் ஓட்டி வழி காட்டுறேன், நீங்க எனக்குக் கலர் போடச் சொல்லிக்கொடுங்க. ரெண்டு மாதம் சேர்ந்து சுற்றினார்கள். அவர் வாங்கிய பயிற்சி ஏறக்குறைய அவ்வளவுதான்.

ரெண்டே வருஷத்தில், 1938இல், மெல்பர்னில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி. 41 படங்கள். ஒன்று விடாமல் விற்றுத் தீர்ந்தன. அதுவரை படத்தில் 'ஆல்பர்ட்' என்று மட்டும் கையெழுத்துப் போட்டவர், இதற்கு மேல் அப்பாவின் பெயரையும் சேர்த்து 'ஆல்பர்ட் நமட்ஜிரா' என்று போட ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் நான் ஒண்ணை ஒத்துக்கணும். அவர் படங்களை முதல் தடவை பார்த்தப்போ, "நல்ல சீனரி" என்று சொல்லிட்டு ஸ்க்ரோல் பண்ணிப் போயிட்டேன். முன்னாடி வெள்ளை வெளேர்னு ஒரு யூக்கலிப்டஸ் மரம், பின்னாடி ஊதா நிற மலை, நடுவில் சிவப்பு மண். அந்தக் காலத்து விமர்சகர்கள் பலரும் இதையேதான் கொஞ்சம் பெரிய வார்த்தைகளில் சொன்னார்கள். ஐரோப்பிய ஸ்டைலைக் காப்பி அடிக்கிறார், இதில் பழங்குடிக் கலை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்.

அவர் எதை வரைந்தார் என்று தெரிந்த பிறகு என் பார்வை மாறியது. அரண்டா மக்களுக்கு மலை என்பது சும்மா மலை கிடையாது. முன்னோர்கள் நடந்து, சண்டை போட்டு, படுத்து எழுந்து உருவாக்கிய உடம்பு அது. எந்த மலை யாருடையது, எந்த நீர்ச்சுனையின் கதையை யார் சொல்லலாம் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. நமட்ஜிரா திரும்பத் திரும்ப வரைந்தது தன் சொந்தக்காரர்களின் நிலத்தை. வாங்கினவங்க அதை சீனரி என்று நினைத்து ஹாலில் மாட்டினார்கள். அவர் வரைந்ததோ தன் வீட்டுப் பத்திரத்தை, வாட்டர்கலரில்.

பணம் வந்தது. ஆனா அரண்டா முறைப்படி, சம்பாதிப்பவன் சொந்தபந்தத்துக்குப் பங்கு கொடுத்தே ஆகணும். அது தர்மம் இல்லை, கடமை. ஒருத்தர் வருமானத்தில் பெரிய கூட்டமே சாப்பிட்டது. அரசாங்கமும் அவரிடம் வருமான வரி வாங்கியது. அப்போ வாக்குரிமை? கிடையாது. மாடு மேய்க்க நிலம் குத்தகைக்குக் கேட்டார். மறுத்தார்கள். 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட முயன்றார். பழங்குடி என்பதால் அதுவும் முடியாது என்றார்கள். ஊருக்கு வெளியே, காய்ந்த ஓடைக்குப் பக்கத்தில், மோரிஸ் சோக் என்ற முகாமில் குடிசை போட்டு வாழ்ந்தார். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்றவர்களின் பட்டியல் புத்தகத்தில் 1944லேயே இடம்பிடித்த மனுஷனுக்கு இதுதான் விலாசம். 1956இல் வில்லியம் டார்கி வரைந்த நமட்ஜிராவின் உருவப்படம், அந்த நாட்டின் பெரிய ஓவியப் பரிசான ஆர்ச்சிபால்டை வென்றது. அவர் முகத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். அவருக்கு வீடு கொடுக்கவில்லை.

பத்திரிகைகளில் இதெல்லாம் சர்ச்சை ஆனது. அந்தப் பகுதியில் ஏறக்குறைய எல்லாப் பழங்குடியினரையும் 'அரசின் பராமரிப்பில் இருப்பவர்கள்' என்று ஒரு பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். வயது வந்தவர்களையும் சட்டம் சின்னப் பிள்ளைகள் மாதிரி நடத்தியது. எங்கே வாழணும், யாரைக் கல்யாணம் பண்ணணும் என்பதில்கூட அதிகாரிகளுக்குச் சொல்லு இருந்தது. 1957இல் ஆல்பர்ட், ரூபினா ரெண்டு பேரின் பெயரும் மட்டும் அந்தப் பதிவேட்டில் இல்லை. அதாவது குடியுரிமை! இனி ஓட்டுப் போடலாம், மதுவும் வாங்கலாம்.

ஆனா அவங்க பிள்ளைகளுக்கு இல்லை. சொந்தக்காரர்களுக்கும் இல்லை.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. உங்க கையில் இருப்பதை உங்க ஆட்களோடு பகிரணும் என்பது உங்க சமூகத்தின் சட்டம். பகிர்ந்தால் ஜெயில் என்பது அரசின் சட்டம். இது தனி மனுஷனுக்குக் கொடுத்த சுதந்திரமா, அவன் காலடியில் வைத்த கண்ணியா?

முகாமில் குடி சம்பந்தப்பட்ட சண்டையில் ஒரு இளம்பெண் இறந்தாள். அதற்குப் பிறகு போலீஸ் கண் அவர் மேல் இருந்தது. சக ஓவியர் ஹீனோக் ராபராபாவுக்கு மது கொடுத்ததாக வழக்கு. நாடே கொதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை மூன்று மாதமாகக் குறைந்தது. உயர் நீதிமன்றமும் அதற்கு மேல் கை கொடுக்கவில்லை. அமைச்சர் பால் ஹாஸ்லக் தலையிட்டதால் ஜெயிலுக்குப் பதில் பப்புன்யா என்ற குடியிருப்பில் திறந்த காவலில் ரெண்டு மாதம் இருந்தார். 1959 மே மாதம் வெளியே வந்தார். மனுஷன் உடைந்து போயிருந்தார். அந்த ஆகஸ்ட் 8ஆம் தேதி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் இறந்தார். இதயநோய், கூடவே நிமோனியா. வயது 57.

கதை இங்கே முடியலை. 1983இல், அவர் சொத்தை நிர்வகித்த அரசு அதிகாரி, அவருடைய படங்களின் காப்புரிமையை 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்திடம் விற்றுவிட்டார். தாத்தாவின் படத்தை வைத்து யாரோ சம்பாதிக்க, குடும்பத்துக்கு ஒண்ணும் இல்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2017இல் அந்தக் காப்புரிமை குடும்பத்துக்காக இயங்கும் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. காகிதத்தில் எழுதிய விலை, ஒரு டாலர்.

அவர் தண்டனை அனுபவித்த பப்புன்யாவில்தான், 1971இல், பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தங்கள் கதைகளை வரைந்தார்கள். இன்று உலகமே கொண்டாடும் பாலைவனப் புள்ளி ஓவியங்கள் அங்கிருந்துதான் கிளம்பின. 2020இல் ஆர்ச்சிபால்டு பரிசை முதல் முறையாக ஒரு பழங்குடி ஓவியர் வென்றார். பெயர் வின்சென்ட் நமட்ஜிரா. ஆல்பர்ட்டின் கொள்ளுப்பேரன். 1956இல் கொள்ளுத்தாத்தா அந்தப் பரிசுப் படத்தில் போஸ் கொடுத்தவர். இந்த முறை பிரஷ் கொள்ளுப்பேரன் கையில்.

நான் இப்போ அந்த ஊதா மலைகளைப் பார்த்தால் ஸ்க்ரோல் பண்றதில்லை. நீங்களும் அவர் பெயரைத் தேடி ஒரு படமாவது பாருங்க. பார்க்கும்போது, தான் வரைந்த மண்ணில் ஒரு வீடு கட்ட அனுமதி கிடைக்காத ஆள் இதை வரைந்தார் என்பதை மட்டும் மறந்துடாதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.