கரையேறியோர் யார்?

கட்டுமாவடிக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் நீர்ப்பரப்பன்றி வேறொன்றும் தெரியாது. அக்கரையில் நம் மொழி பேசுவோர் வாழ்கின்றனர். அங்கிருந்து துரத்தப்பட்டோர் நம்மிடையே வாழ்கின்றனர். "அகதி" என்கிறோம். கதியற்றவர் என்று பொருளாம்! கதியற்றுப் போனது தலைவிதியாலா? வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம், தோழர்களே.

1962இல் பர்மாவில் நெ வின் படையாட்சி நிறுவினார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதனவாயின. நேற்றுவரை கடைக்காரர், இன்று துணிமூட்டையுடன் சென்னைத் துறைமுகத்தில்! 'தாயகம் திரும்பியோர்' என அரசு அவர்களை ஏற்றது, கடன் தந்தது. 1969இல் அவர்களுக்கெனவும் இலங்கையினின்று திரும்பியோருக்கெனவும் ரெப்கோ கூட்டுறவு வங்கி எழுந்தது. அதே ஆண்டில் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் முளைத்தது. அங்கே முந்தி வந்தவர் பிந்தி வந்தவருக்கு வழிகாட்டினார். பழகிய முகத்தை நம்பிச் சரக்குக் கைமாறிற்று. இன்று அத்தோவைச் சுவைக்கும் சென்னைவாசிக்கு அது அகதியின் அடுப்பில் பிறந்தது என்ற நினைவேனும் உண்டோ?

ஆனால் மலையகத்தார்க்கு நேர்ந்ததென்ன? 1964ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கென எண்ணிப் பிரித்தது. மனிதரா, மூட்டைகளா? குடியுரிமையும் கொடுத்தார்கள், கடனும் கொடுத்தார்கள். தேயிலை பறித்தே பழகிய கை, முன்பின் அறியாத ஊரில் கடை நடத்துமா? பலருக்குக் கடன் கரைந்தது. உறவினரைத் தேடி நீலகிரிக்கு ஏறினர். கொடைக்கானல் மலையில் கொத்தடிமையானோரும் உண்டு.

1983க்குப் பின் வந்தோரின் கதை வேறு. நமக்கு அருகே அறந்தாங்கியை அடுத்த அழியாநிலையிலும் அவர்கள் முகாம் உண்டு. அவர்களிடம் உறவுக்குப் பஞ்சமில்லை; ஒருவர் வேலைக்குப் போனால் ஊரார் நால்வரை உடனழைத்துச் செல்கிறார். இல்லாதது குடியுரிமை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தது; இலங்கையை அழைக்கவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. நன்று, வரவேற்கிறோம். ஆயினும் முகாமில் பிறந்து, நம் பள்ளிகளில் பயின்று, பட்டமும் பெற்ற இளைஞன் அரசுப் பணிக்கு மனுச் செய்ய இயலாமல், வண்ணவாளி ஏந்தி அயலூர்ச் சுவர்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறான்.