மண்ணு வீட்டை எப்படி மியூசியத்துல வைக்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் திருத்தப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடு வீடுகளைப் பத்தினது. அரண்மனை கிடையாது, செட்டிநாட்டு மாளிகை கிடையாது. மண்ணால கட்டின சாதாரண வீடு.

அச்சங்குளம்னு ஒரு ஊர். விருதுநகர் மாவட்டம், சாத்தூர் பக்கம். போன்ல அந்தப் பேரைத் தேடிப் பாருங்க. 2021 பிப்ரவரி 12 அன்னிக்கு அங்க நடந்த பட்டாசு ஆலை விபத்துதான் வரும். 20 பேருக்கு மேல இறந்தாங்க. வெளியூர்க்காரங்களுக்கு அந்த ஊர் ஒரு விபத்தோட பேரு, அவ்வளவுதான். ஆனா அந்த வட்டாரத்துல ஜனங்க எப்படி வாழ்ந்தாங்க, எப்படிப்பட்ட வீட்டுல தூங்கி எழுந்தாங்கன்னு பார்க்கணும்னா எங்க போறது?

இதுக்குப் பதில் தேட, முதல்ல ரொம்ப தூரம் போகணும். ஐஸ்லாந்துக்கு.

புல்லை வெட்டி அடுக்கின வீடு

ஐஸ்லாந்துல வீடு கட்டுற அளவுக்குப் பெரிய மரம் கிடையாது. கடல்ல மிதந்து வந்து கரை ஒதுங்குற கட்டைதான் பெரிய சொத்து. அதனால அவங்க என்ன பண்ணாங்கன்னா, புல்லை வேரும் மண்ணுமா சேர்த்துக் கட்டி கட்டியா வெட்டி, செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் எழுப்பினாங்க. கூரை மேலயும் புல்லுதான். தடிமனான சுவர் குளிரை உள்ள விடாது. உள்ள 'பாத்ஸ்தோவா'ன்னு ஒரு பெரிய அறை. வீட்டுல இருக்குற எல்லாரும் அங்கதான் தூங்குவாங்க, சாப்பிடுவாங்க. குளிர்காலம் முழுக்க அங்கயே உட்கார்ந்து கம்பளி நூல் நூற்பாங்க, பின்னுவாங்க. ஒருத்தர் கதை வாசிக்க, மத்தவங்க கேட்டுக்கிட்டே வேலை பார்ப்பாங்க.

20ஆம் நூற்றாண்டுல கான்கிரீட் வந்தது. ஈரம், இருட்டு, நோய்னு சலிச்சுப்போன ஜனங்க சந்தோஷமாவே வெளிய வந்தாங்க. வடக்குல க்லோய்ம்பைர்னு ஒரு பண்ணை வீட்டுல 1947 வரைக்கும் ஆள் இருந்தாங்க. காலியானதும் அரசாங்கம் அதைப் பாதுகாப்புல எடுத்துக்கிச்சு. 1952ல அது மியூசியம் ஆச்சு. இன்னிக்கு உலகத்துல எங்கிருந்தோ வந்து பார்க்கிறாங்க.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, புல் சுவர் சில பத்து வருஷத்துல சரிஞ்சுடும். திரும்பக் கட்டணும். அதனால அங்க காப்பாத்துறது சுவரை மட்டும் இல்ல. புல்லை எந்தக் கோணத்துல வெட்டணும், எப்படி அடுக்கணும்னு தெரிஞ்ச கையையும் சேர்த்துத்தான்.

முட்டுக்காட்டுல ஒரு குயவர் வீடு

நம்ம ஊர்ல இதுக்குப் பக்கத்துல வர்ற இடம், சென்னை ஈசிஆர்ல முட்டுக்காட்டுல இருக்குற தக்ஷிணசித்ரா. 1984ல தொடங்கின மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் உருவாக்கினது. டெபோரா தியாகராஜன் முன்னெடுத்தாங்க, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைச்சார். 1996 டிசம்பர்ல திறந்தாங்க.

அங்க செட்டிநாட்டு வணிகர் வீடு இருக்கு. திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூர் அக்ரஹார வீடு இருக்கு. இடிக்கப்போற பழைய வீட்டை வாங்கி, தூண், உத்தரம், கதவு எல்லாத்தையும் பிரிச்சுக் கொண்டுவந்து, அதே வரிசையில திரும்பக் கோர்த்திருக்காங்க. அதே இடத்துல குயவர் வீடு, கூடை முடைறவங்க வீடும் இருக்கு. மண் சுவர், ஓலைக் கூரை.

தேக்குத் தூணைப் பிரிச்சு எடுத்துட்டு வரலாம். மண் சுவரை எப்படிப் பிரிப்பீங்க? கடப்பாறை பட்டா அது திரும்ப மண்ணாயிடும். அதை அங்கேயே புதுசாத்தான் கட்டணும். அதாவது, பணக்கார வீட்டைப் பொருளா காப்பாத்த முடியும். ஏழை வீட்டைத் தொழிலா மட்டும்தான் காப்பாத்த முடியும். கட்டத் தெரிஞ்ச ஆள் இருக்கிற வரைக்கும்தான் அந்த வீடு இருக்கும்.

கரிசல் வீடு

இப்ப சாத்தூர், சிவகாசிப் பக்கம் வருவோம். கரிசல் மண் மழையில ஊதும், வெயில்ல பாளம் பாளமா வெடிக்கும். அந்த மண்ணுக்குத் தோதா வீடு கட்டணும்னா அனுபவம் வேணும். மண்ணைக் குழைச்சு, மிதிச்சு, ஒரு படை வச்சு, அது காஞ்ச பிறகு அடுத்த படை. மேல பனங்கட்டை, பனை ஓலை. தரைக்குச் சாணி மெழுகுவாங்க. விளக்கு வைக்கச் சுவர்லயே மாடக்குழி. கம்பு, சோளம் கொட்டி வைக்க மண்ணாலயே செஞ்ச குலுக்கை. ஓலை மக்கிப்போகும், சில வருஷத்துக்கு ஒருதடவை கூரையை மாத்தி வேயணும். இதையும் கட்டினவங்க திரும்பத் திரும்பக் கட்டிக்கிட்டேதான் இருந்தாங்க.

1922ல சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. அடுத்த வருஷமே இங்க தொழில் ஆரம்பிச்சது. மானாவாரி பூமி, மழை இல்லேன்னா வயல்ல வேலை இல்ல. அதனால வேலை வீட்டுக்குள்ள வந்துச்சு. வாசல்லயும் திண்ணையிலயும் உட்கார்ந்து பெட்டி ஒட்டினாங்க, கட்டை அடுக்கினாங்க. ஐஸ்லாந்துல குளிர்காலத்துக் கம்பளி மாதிரி, இங்க வறட்சிக்குத் தீப்பெட்டி. அந்த வீடுகள் வீடு மட்டும் இல்ல, ஒரு தொழிலோட கடைசிக் கண்ணி.

அதை அழகாக்கிச் சொல்லவும் கூடாது. உட்கார்ந்து ஒட்டினதுல சின்னப் பிள்ளைகளும் இருந்தாங்க. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகள்ல வேலை பார்த்த குழந்தைகள் வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996 டிசம்பர் 10. தக்ஷிணசித்ரா திறந்த அதே மாசம்.

போனது நல்லதுதான், ஆனா...

ஓலைக் கூரை ஒழுகும், பாம்பு வரும், ஒரு பொறி பட்டா போதும். பட்டாசு ஊர்ல அதைச் சொல்லவே வேண்டாம். 2010ல கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடா மாத்த இலக்கு வச்சது. 2024ல வந்த கனவு இல்லம் திட்டம் 2030க்குள்ள 8 லட்சம் வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய்ன்னு அறிவிச்சது. கான்கிரீட் வீடு கேட்ட யாரையும் குறை சொல்ல நமக்கு உரிமை இல்ல. ஐஸ்லாந்துலயும் ஜனங்க அப்படித்தான் வெளிய வந்தாங்க.

ஆனா அவங்க வெளிய வரும்போது சில வீட்டையாவது மிச்சம் வச்சாங்க. அதுலயும் பெரிய பண்ணைகள்தான் அதிகம், கூலிக்காரர் குடில்கள் குறைவு. நம்ம பக்கம் விருதுநகர்ல காமராசர் வீடு நினைவு இல்லம். எட்டயபுரத்துல பாரதி பிறந்த வீடு நினைவு இல்லம். ரெண்டும் இருக்க வேண்டியதுதான். வைப்பாற்றங்கரையில வெம்பக்கோட்டையில 2022லிருந்து அகழாய்வு செஞ்சு, சங்கு வளையல், சுடுமண் பொருள்னு ஆயிரக்கணக்குல எடுத்திருக்காங்க. அதுவும் பெருமைதான். ஆனா தீப்பெட்டி ஒட்டின ஒரு மண் வீடு? அம்பது வருஷத்துக்கு முன்னாடி தெருவுக்குத் தெரு இருந்த வீட்டை, நாளைக்கு ஒருத்தர் மண்ணைத் தோண்டித்தான் கண்டுபிடிக்கணுமா?

தோண்டினாலும் கிடைக்காது. மண் சுவர் மண்ணோட கலந்துடும்.

அதனால ஒரு சின்ன வேலை. ஊர்ல பாட்டி, தாத்தா, பெரியம்மா யாராவது மண் வீட்டுல இருந்தவங்கன்னா, ஒரு பேப்பரைக் கொடுத்து அந்த வீட்டை வரையச் சொல்லுங்க. அடுப்பு எங்க, குலுக்கை எங்க, யார் எங்க படுத்தாங்க, மழையில எந்த மூலை ஒழுகும். முக்கியமா, மண்ணுல என்ன கலந்தாங்க, எத்தனை நாள் காயவிட்டாங்கன்னு கேட்டு, குரலைப் பதிவு பண்ணி வையுங்க. சுவர் போனாலும் அந்தக் குறிப்பு இருந்தா ஒரு நாள் திரும்பக் கட்டிப் பார்க்கலாம்.

சென்னையில இருக்கிறவங்க தக்ஷிணசித்ரா போனா, செட்டிநாட்டு வீட்டுல செல்ஃபி எடுத்து முடிச்சதும் குயவர் வீட்டுக்குள்ளயும் குனிஞ்சு போங்க. செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்துக்கோங்க.