கையோடு வந்த தொழில்: டார்ஜிலிங் திபெத்தியர்

1959 மார்ச்சில் லாசா நகரில் சீன ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பி வந்தார். அவரைத் தொடர்ந்து சுமார் 80,000 திபெத்தியர் எல்லையைக் கடந்தார்கள். நிலத்தையும் வீட்டையும் தூக்கிக்கொண்டு வர முடியுமா? பலர் மலைச்சாலை போடும் கூலி வேலைக்குப் போனார்கள். ஆனால், கையில் பழகிய தொழில் சிலருக்குக் கைகொடுத்தது.

அதே ஆண்டு அக்டோபரில், மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங்கில் திபெத்திய அகதிகள் சுய உதவி மையம் தொடங்கியது. தலாய் லாமாவின் அண்ணன் கியாலோ தொண்டுப்பின் மனைவி அதற்குத் தலைமை ஏற்றார். தொடக்கத்தில் வேலை செய்தவர்கள் 4 பேர்தான்.

அங்கே முக்கியத் தொழில் கம்பள நெசவு. ஆட்டு ரோமத்தை நூலாக நூற்றுச் சாயம் தோய்ப்பார்கள். தறியின் குறுக்கே ஒரு கோலை வைத்து, நூலைப் பாவில் கோத்துக் கோலின்மேல் சுற்றிக்கொண்டே போவார்கள். வரிசை முடிந்ததும் சுற்றுகளைக் கத்தியால் அறுத்துக் கோலை எடுத்துவிடுவார்கள். அறுபட்ட நுனிகள்தாம் கம்பளத்தின் மெத்தென்ற மேற்பரப்பு. மரச்செதுக்கு, தோல் வேலையும் உண்டு.

தொழில் தெரிந்தால் மட்டும் போதுமா? ரோமம் வாங்கணும், கூலி கொடுக்கணும், வாங்குவோரைத் தேடணும். தனி ஆளால் முடியாத இதையெல்லாம் மையம் பார்த்துக்கொண்டது. பிள்ளைகளுக்குப் பள்ளி, முதியோருக்கு இல்லம், நோயாளிகளுக்கு மருத்துவம் என்று ஒரு சமூகமே அதைச் சுற்றி நிலைத்தது.

நம்ம நாட்டிலும் அதே காலத்தில் ஒரு நெருக்கடி. தோட்டத் துண்டாடலால் பால்மரம் சீவியவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டினார்கள். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமானது.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள், மாணவர்களே. தறியை எங்கே போட்டாலும் நெய்யலாம். மரம் இல்லாமல் பால் வெட்ட முடியாது. அதனால்தான் நம்மவர்கள் நிலத்தையே வாங்க வேண்டியிருந்தது. ஆக, கட்டுரையில் ‘உழைப்பால் உயர்ந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். தொழில், அதற்கு வேண்டிய மூலப்பொருள், கூட்டமைப்பு ஆகிய மூன்றையும் பிரித்து எழுதுங்கள். உழைப்பு இரண்டு இடத்திலும் இருந்தது. அதைக் காப்பாற்றியது ஒன்றுசேர்ந்த ஏற்பாடுதான்.