சொந்தச் செலவில் புத்தகம் அச்சிடுவோர் அறிய வேண்டிய ஆஃப்செட் கணக்கு

"ஹஜ்ரத், ஒரு புத்தகம் போடலாம்னு இருக்கேன். ஆயிரம் பிரதிக்கு எவ்வளவு ஆகும்?"

இப்படிக் கேட்டு வருபவர்கள் பலவகை. ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர் வரலாற்றைத் தொகுத்த பெரியவர், வளைகுடாவில் வேலை செய்துகொண்டே கவிதை எழுதிய தம்பி. பெரும்பாலோர் கையில் இருப்பது சேமிப்புப் பணம். அச்சகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதைக் கொடுத்துவிட்டு, விற்காத பிரதிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு முறை பாடம் படித்தவன்தான். ஆகவே, அச்சகத்துக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கல்லச்சின் வாரிசு

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் ஆஃப்செட்டின் அடிப்படை. 1796-இல் ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு முறையும் இதே அடிப்படையில் அமைந்ததே. அரபுத்தமிழ் நூல்கள் பலவற்றை நம் முன்னோர் அச்சிட்டது அந்தக் கல்லச்சில்தான். கையால் எழுதியதை அப்படியே அச்சிட முடிந்ததால், அரபு அச்செழுத்துகள் கிடைக்காத ஊரிலும் நூல் வெளிவந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவர் ரப்பர் உருளையிலிருந்து காகிதத்துக்கு மாறும் அச்சு கூடுதல் தெளிவாக இருப்பதைக் கவனித்தார். இன்று கல்லின் இடத்தில் மெல்லிய அலுமினியத் தகடு இருக்கிறது. கணினிக் கோப்பிலிருந்து நேரடியாகத் தகட்டில் பதிக்கும் முறையை 'சி.டி.பி.' என்கிறார்கள். தகட்டிலிருந்து ரப்பர் போர்வைக்கும், அங்கிருந்து காகிதத்துக்கும் மை மாறுகிறது. தகடு தயாராகிவிட்டால் திருத்தம் செய்ய வழியில்லை. ஓர் எழுத்து பிழை என்றாலும் புதுத் தகடுதான்.

எத்தனை பிரதி?

ஆஃப்செட் செலவு இரண்டு வகை. பக்க வடிவமைப்பு, தகடு, இயந்திரத்தைத் தயார்ப்படுத்துதல் ஆகியவை 100 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒரே செலவு. காகிதமும் பைண்டிங்கும் பிரதிக்கேற்பக் கூடும்.

ஒரு பேச்சுக்கு, நிலையான செலவு 15,000 ரூபாய், பிரதிக்கு ஆகும் செலவு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 பிரதி அடித்தால் ஒன்றின் அடக்கவிலை 190 ரூபாய். 500 என்றால் 70 ரூபாய். 1000 என்றால் 55 ரூபாய். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். "500-க்கும் 1000-க்கும் 15 ரூபாய் வித்தியாசம், ஆயிரமே அடித்துவிடுவோம்" என்று தோன்றும். ஆனால் கையிலிருந்து போவது 35,000 அல்ல, 55,000. இரண்டிலும் 400 பிரதிதான் போனது என்றால், 500 அடித்தவருக்கு விற்ற பிரதி ஒன்றுக்கு 87 ரூபாய் 50 காசு அடங்கும். 1000 அடித்தவருக்கு 137 ரூபாய் 50 காசு. குறைந்த அடக்கவிலை உண்மையில் லாபமாவது பிரதிகள் விற்றால்தான்.

பொதுவாக 300 பிரதிக்குக் குறைவு என்றால் டிஜிட்டல் அச்சும், 500-க்கு மேல் என்றால் ஆஃப்செட்டும் கட்டுப்படியாகும். இடைப்பட்ட எண்ணிக்கைக்கு இரண்டு விலையையும் வாங்கி ஒப்பிடுங்கள். நூலக ஆணை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். வாங்குவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

பாரமும் காகிதமும்

நம்மூர்ப் புத்தகங்களில் அதிகம் புழங்கும் அளவுகள் டெம்மி 1/8, கிரவுன் 1/8. ஒரு டெம்மி தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். அதுவே ஒரு பாரம். ஆகவே பக்க எண்ணிக்கை 16-இன் மடங்காக அமைவது சிக்கனம். உங்கள் நூல் 163 பக்கத்தில் முடிந்தால், அந்த 3 பக்கத்துக்காகத் தனிச் செலவு வரும். எழுத்தின் அளவையோ வரி இடைவெளியையோ சற்றுக் குறைத்து 160-க்குள் அடக்கலாம்.

காகிதக் கணக்கையும் நீங்களே போடலாம். 160 பக்கம் என்றால் 10 பாரம். டபுள் டெம்மி தாள் ஒன்றில் 32 பக்கம் அடங்கும் என்பதால் பிரதிக்கு 5 தாள். 1000 பிரதிக்கு 5000 தாள், அதாவது 10 ரீம். அதற்கு மேல் சேதாரத்துக்குச் சிறிது சேரும். 70 ஜி.எஸ்.எம். டபுள் டெம்மி ஒரு ரீம் ஏறத்தாழ 18.6 கிலோ எடை இருக்கும். 70 என்று விலை பேசிவிட்டு 60-இல் அடித்தால் ரீம் உறையில் உள்ள எடையே காட்டிக்கொடுக்கும்.

உள்பக்கத்துக்கு 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ போதுமானது. 60-இல் மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியும். முதியோர் படிக்கும் நூல் என்றால் கண்ணைக் கூசாத, சற்று மஞ்சள் சாயலுள்ள என்.எஸ். மேப்லித்தோவைக் கேளுங்கள். அட்டைக்கு 250 அல்லது 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு, அதன்மேல் மேட் அல்லது கிளாஸ் லேமினேஷன்.

பைண்டிங்

ஒட்டு பைண்டிங் விலை குறைவு. ஆனால் அடிக்கடி விரித்துப் படித்தால் நாளடைவில் தாள் கழன்றுவிடும். பாடநூல், அகராதி, ஓதும் நூல் போன்று தினமும் கையில் எடுப்பவற்றுக்கு நூல் தையல் பைண்டிங்தான் நிலைக்கும். எதுவானாலும், அச்சடிக்காத தாள்களைக் கொண்டு ஒரு மாதிரிப் புத்தகம் கட்டித் தரச் சொல்லுங்கள். முதுகின் அகலம் அதில் சரியாகத் தெரியும். அதை வைத்து அட்டையை வடிவமைத்தால் முதுகில் வரும் தலைப்பு ஓரம் விலகாது.

எனக்குக் கிடைத்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் துஆக்கள் அடங்கிய சிறு நூல் ஒன்றை அச்சுக்குக் கொடுத்தேன். மெய்ப்பு மூன்று முறை பார்த்தேன். மூன்றாவதில் கையெழுத்தும் போட்டேன். அதன் பிறகு அச்சகத்தில் கோப்பை வேறொரு பழைய மென்பொருளுக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த மென்பொருளுக்கு வலமிருந்து இடமாக எழுதும் முறை தெரியாது. தமிழ் அப்படியே இருந்தது. அரபு எழுத்துகள் சேராமல் தனித்தனியாகப் பிரிந்து, இடமிருந்து வலமாக வரிசை மாறிவிட்டன. புத்தகம் கட்டி வந்த பிறகுதான் பார்த்தேன். அந்தப் பிரதிகளை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. எடைக்குப் போடவும் மனம் ஒப்பவில்லை. இரண்டாம் முறை அச்சடித்த செலவு என்னுடையது. தகட்டுக்குப் போகும் இறுதிக் கோப்பை நான் கேட்டு வாங்கவில்லை என்பதால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. கோப்பை எழுத்துரு உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆகவே கொடுக்கிறேன். பக்கங்களை வரிசைப்படுத்தி முடித்த பின், தகட்டுக்குப் போகும் கோப்பிலிருந்தே ஒரு நகல் வாங்கிப் பார்க்கிறேன். அரபு வரிகளை நானும், எழுதியவர் அல்லாத இன்னொருவரும் தனித்தனியே படிக்கிறோம். தமிழிலும் இதே ஆபத்து உண்டு. யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும்.

இன்னொன்றும் உண்டு. இயந்திரத்தைத் தயார்ப்படுத்தும்போது சேதமாகும் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்ப் பொட்டலம் மடிக்கப் பயன்படலாம். இறைவசனம் உள்ள நூல் என்றால், அந்தத் தாள்களைத் தனியே எடுத்து வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

படமும் நிறமும்

படங்கள் அச்சாகும் அளவிலேயே 300 டி.பி.ஐ. இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் திரையில் பளிச்சென்று இருந்தாலும் அச்சில் மங்கிவிடும். அட்டையின் நிறங்களை அச்சுக்குரிய நான்கு நிற முறைக்கு மாற்றிப் பார்த்த பிறகே ஒப்புதல் தாருங்கள். வெட்டும் ஓரத்தைத் தாண்டி 3 மில்லிமீட்டராவது படம் நீண்டிருக்கட்டும். சிறிய கறுப்பு எழுத்துகள் கறுப்பு மையில் மட்டும் அமையட்டும். நான்கு நிறமும் கலந்தால் எழுத்துக்கு நிழல் விழும்.

எண்ணும் சட்டமும்

ஐ.எஸ்.பி.என். என்னும் 13 இலக்க எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் இலவசமாக வழங்குகிறது. நூலாசிரியர் தாமே விண்ணப்பிக்கலாம். இதற்காக யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. எண் கிடைக்க நாளாகலாம் என்பதால் முன்னதாகவே விண்ணப்பியுங்கள்.

1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு நம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். இதைச் சுமையாக நினைக்காதீர்கள். நம் வீட்டுப் பிரதிகள் கரையான் அரித்துப் போனாலும் அங்கே ஒன்று இருக்கும்.

பதிப்புரிமை எழுதியவுடனேயே எழுத்தாளருக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிப்பகம் ஒன்றின் மூலம் வெளியிடும்போது நீட்டப்படும் தாளை முழுதும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

விலை கேட்கும்போது

குறைந்தது மூன்று அச்சகங்களில், ஒரே விவரத்தை எழுத்தில் கொடுத்து விலை கேளுங்கள். நூலின் அளவு, பக்க எண்ணிக்கை, பிரதிகள், காகிதத்தின் வகையும் எடையும், அட்டை, லேமினேஷன், பைண்டிங் எல்லாம் அதில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. சேர்த்தா, போக்குவரத்து யார் பொறுப்பு, எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மெய்ப்பில் இல்லாத பிழை அச்சில் வந்தால் யார் செலவில் மறு அச்சு என்பதை அவசியம் பேசிக்கொள்ளுங்கள். முழுத்தொகையையும் முன்பணமாகத் தர வேண்டாம். வேலை முடிந்ததும் பி.டி.எஃப். கோப்பையும், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். மறுபதிப்புக்கு அது இல்லையென்றால் மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய நேரிடும்.

பிரதிகள் வந்திறங்கியதும் கட்டுகளை எண்ணுங்கள். வெவ்வேறு கட்டுகளிலிருந்து பத்துப் பிரதிகளை உருவி, பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பாரம் மாறியிருக்கலாம், விட்டுப்போயிருக்கலாம், தலைகீழாகக் கட்டப்பட்டிருக்கலாம். பாக்கித் தொகையை அதன் பிறகு கொடுங்கள். விழாவுக்குத் தேதி குறிப்பதும் அதன் பிறகே நல்லது.