வான்கோழியும் நெருப்பும்

மயிலைக் கண்டு தானும் ஆடிற்று என்று நாம் எள்ளி நகையாடும் வான்கோழிக்குத் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள காட்டினம் நம் முற்றத்துப் பறவையைப் போல் மந்தமானதன்று. விரைந்தோடும், பறக்கும், இரவிலே உயர்ந்த மரக்கொம்பிலே துயிலும். அதுவும் வேட்டையாலும் காடழிப்பாலும் அருகிப் போயிற்று. மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே 1851ஆம் ஆண்டோடு அவ்வினம் அற்றுப் போயிற்று.

வேட்டையைத் தடுத்தால் பறவை தானே பெருகும் என்று பலரும் எண்ணினர். குஞ்சின் வாழ்க்கையை நோக்கினால் அவ்வெண்ணத்தின் குறை புலப்படும். பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரம் வரை குஞ்சு மரமேற மாட்டாது. தரையிலே தாயின் சிறகின்கீழ் உறங்கும். அதன் உணவு பெரும்பாலும் பூச்சிகளே. புல் அடர்ந்துவிட்டால் அதனூடே குஞ்சு நடக்கவியலாது. ஈரத்தில் நனைந்து குளிரால் மடியும். புல்லே இல்லையெனிற் பருந்துக்கு இரையாகும். குஞ்சை மறைக்குமளவுக்கு உயர்ந்தும், தாய் தலைதூக்கிப் பார்க்குமளவுக்குத் தாழ்ந்தும், அடியிலே சிறிது வெறுந்தரை விட்டும் இருக்கின்ற புல்வெளியே அதற்கு வேண்டும்.

தென்கிழக்கு மாநிலங்களின் பைன் காடுகளிலே அத்தகைய தரையை ஆக்கித் தந்தது நெருப்பு என்றால் நேயர்கள் வியப்படையலாம். மின்னலும் பழங்குடி மக்களும் மூட்டிய தீ, சில ஆண்டுகளுக்கொரு முறை புதரை எரித்துப் புல்லைப் புதுப்பித்தது. நீளிலைப் பைன் மரமோ அத்தீயைத் தாங்கி நிற்கும். ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே வனத்துறையினர் தீயனைத்தையும் பகையென்றே கருதினர்.

1924ஆம் ஆண்டிலே, காடைகளை ஆராயும் பொருட்டு ஜோர்ஜியாவுக்கு வந்தவர் ஹேர்பேர்ட் ஸ்ரொடாட். காலமறிந்து இடுந் தீ பறவைக்கு நன்மையே செய்யும் என அவர் கண்டார். அரசாங்க சேவையிலிருந்தவர் அந்நாளில் அவ்வாறு எழுதுவது எளிதன்று. 1931இல் வெளிவந்த தம் நூலிலே தீயைப் பற்றிய அதிகாரத்தை அவர் பன்முறை திருத்தி எழுத வேண்டியதாயிற்று. கருத்தை மட்டும் அவர் கைவிடவில்லை.

அம்முறையே வான்கோழிக்கும் பொருந்திற்று. குளிர்கால முடிவிலே, தரையில் ஈரமிருக்கும்போது, நிலத்தின் ஒரு பகுதியை மாத்திரம் எரிப்பர். அடுத்த ஆண்டு வேறொரு பகுதியை. எரியாத இடத்திலே தாய் கூடமைக்கும். எரிந்து தளிர்த்த இடத்திலே குஞ்சுகள் மேயும்.

பண்ணையில் வளர்த்து விடப்பட்ட பறவைகள் காட்டிலே நிலைக்கவில்லை. காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து வேறிடங்களிற் குடியேற்றியது பலனளித்தது. 1972, 1973ஆம் ஆண்டுகளிலே நியூயோர்க்கிலிருந்து மசச்சூசெற்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவை 37 பறவைகளே. இன்று அங்கே அவை பொஸ்ரன் நகரத் தெருக்களிலும் உலாவுகின்றன. தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றிலோ, அண்மைக் காலமாகப் பிழைக்கும் குஞ்சுகளின் தொகை குறைந்து வருகின்றது. ஆராய்ச்சியாளர் மீண்டும் தரையைக் குனிந்து நோக்கத் தொடங்கியுள்ளனர்.